பாட்டு முடிந்ததும் உன் அம்மா சொல்லும் பெயர்கள்

அன்புள்ள மகன் ரூபனுக்கு,

நலம் என்று தொடங்கித்தான் எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம். இந்த முறை அந்த வார்த்தையை எழுதப் போன கை பாதியில் நின்றுவிட்டது. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். நேரே என்றால் என் வழக்கப்படி நாலு தெரு சுற்றிக்கொண்டுதான். நீ டோஹாவில் அந்த ஹோட்டல் சமையலறையில் வேலை முடித்து, காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வாசி. அவசரமாக வாசித்தால் நான் சொல்ல வந்தது உனக்குப் பிடிபடாது. எனக்கே இன்னும் சரியாகப் பிடிபடவில்லை.

தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். உன் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பகிடி வந்துவிடுகிறது, அதுதான் காரணம். கண்டி டவுனில் ஹார்ட்வெயார் கடையில் கௌண்டருக்குப் பின்னால் நின்றே தலை நரைத்தவன் நான். வந்த ஆளைச் சிரிக்க வைத்துத்தான் ஆணியும் கீலும் விற்றேன். அந்த நாக்கு இப்போது அழ வேண்டிய இடத்திலும் சிரிப்பு மூட்டுகிறது. இன்னொன்று, இந்த மஹய்யாவ வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் உன் அம்மா கேட்கிற தூரத்தில்தான் இருக்கிறாள். அவளுக்குப் பேச்சுத்தான் போனது, காது போகவில்லை. அவளைப் பற்றி அவள் முன்னாலேயே இல்லாத ஆளைப் பற்றிப் பேசுகிற மாதிரிப் பேச எனக்கு வாய் வரவில்லை. எழுதினால் அவளுக்குக் கேட்காது. எட்டாம் வகுப்போடு நின்றவனின் எழுத்து, பிழைகளைப் பொறுத்துக்கொள்.

போன வெள்ளிக்கிழமை நீ சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "அம்மா என் பேரைச் சொல்லி ஒரு தடவையாவது கூப்பிடணும்ப்பா. அதுக்கு முன்னால நான் மணவறையில உட்கார மாட்டேன். தையில வேணாம், தள்ளி வைங்க" என்றாய். ஆவணியில் வைத்த கல்யாணத்தை ஏற்கெனவே தைக்குத் தள்ளியாகிவிட்டது. அப்போது கம்பளைக்குப் போய் துஷாந்தி வீட்டில் சொன்னதும் நான்தான். அவள் அப்பா நல்ல மனுஷன், ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் தந்தவர் சீனி போதுமா என்றுகூடக் கேட்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கும் வயதாகிறது. அந்தப் பிள்ளைக்கும் வயதாகிறது. இரண்டாவது தடவையாகப் போய் அதே கதிரையில் உட்கார்ந்து அதையே சொல்ல வேண்டும் என்கிறாய். எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? எனக்கு இருப்பது ஒரே முகம், அதுவும் சிரிக்கிற மாதிரியே அமைந்துவிட்டது.

உனக்குத் தெரியாததைச் சொல்வதற்கு முன்னால் தெரிந்ததையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் எனக்குக் கோர்வை வரும். பங்குனியில் உன் அம்மா பக்கவாதம் வந்து விழுந்தாள். பெரியாஸ்பத்திரியில் வார்டில் கிடந்தபோது நீ லீவு எடுத்து வந்து பக்கத்திலேயே இருந்தாய். அவள் உன்னைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. நீ திரும்பிப் போனபோதும் வரவில்லை. பிறகு வீட்டுக்குக் கூட்டி வந்து வாரா வாரம் பேச்சுப் பயிற்சி கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். அங்கே இருக்கிற மிஸ் சிங்களப் பிள்ளை, தங்கமான குணம். அவர் சொல்வதை விளங்கிக்கொள்வதுதான் பாடு. என்னுடைய சிங்களம் ஹார்ட்வெயார் சிங்களம். சீமெந்து, பெயின்ட், கம்பி, பூட்டு எல்லாம் தண்ணீர் மாதிரி வரும். ஞாபகம், மூளை, நரம்பு என்று அவர் தொடங்கினால் நான் தலையாட்டி பொம்மை. ஒருநாள் என் மூஞ்சியைப் பார்த்து இரக்கப்பட்டு, தன் தலையின் இடது பக்கத்தைத் தொட்டு "பேச்சு இங்கே" என்றார், வலது பக்கத்தைத் தொட்டு "பாட்டு இங்கே" என்றார். அடைத்துப்போனது இடது பக்கம். அதனால் அவளுக்குப் பிடித்த பழைய பாட்டுகளைப் போட்டுப் பாருங்கள், சிலபேருக்குப் பேச்சு வராவிட்டாலும் பாட்டு வரும் என்றார். அதை நான் உனக்குச் சொல்லப்போக, நீ எண்பதுகளில் வந்த பிரபலமான பாட்டுகளை எல்லாம் தேடிப் பிடித்து ஒரே பென்டிரைவில் போட்டு, பால்மா டின் மாதிரி இருக்கிற ஒரு ஸ்பீக்கரோடு, லீவில் வந்த உன் கூட்டாளியிடம் கொடுத்து அனுப்பினாய்.

முதல் நாள் அதைப் போட்டபோது நான் பாட்டே மாறிவிட்டது என்று நினைத்தேன். புல்லாங்குழல் ஊதுகிறது, ஊதுகிறது, நிறுத்தக் காணோம். இந்தப் பாட்டு எனக்குத் தெரியாதே, பையன் தப்பாக ஏற்றிவிட்டான் என்று சொல்லிக்கொண்டு அரிசி களையக் குசினிக்குப் போய்விட்டேன். பிறகு குரல் எடுத்ததும்தான் அடே, நம் வீட்டு மழைப் பாட்டு என்று தெரிந்தது. இத்தனை வருஷமாக அந்தப் பாட்டுக்கு முன்னால் இவ்வளவு நீளமாகப் புல்லாங்குழல் இருப்பதே எனக்குத் தெரியாது. ரேடியோவில் அந்த இடத்தில் எப்போதும் அறிவிப்பாளர் பேசிக்கொண்டிருப்பார். அதை யோசித்துச் சிரித்துக்கொண்டு நிற்கும்போது, பாடகியின் குரலுக்குப் பக்கத்தில் இன்னொரு குரல். கரகரவென்று, அடி மட்டத்தில், ஆனால் ஒரு சொல் பிசகாமல். திரும்பிப் பார்த்தால் யன்னலோரக் கதிரையில் உன் அம்மா பாடிக்கொண்டிருக்கிறாள். "தண்ணி" என்று கேட்க முடியாமல் கோப்பையைக் காட்டுகிறவள், வரிவரியாகப் பாடுகிறாள். நான் குழாயை மூட மறந்து ஓடிவந்து உனக்கு போன் எடுத்தேன். நீ சமையல் தொப்பியோடு வந்து நின்றாய். பார்த்தாய். வெங்காயம் வெட்டினேன் என்று நீ சொன்னதை நான் நம்பிய மாதிரிக் காட்டிக்கொண்டேன்.

பாட்டு முடிந்தது. அவள் நிறுத்தவில்லை. அதுதான் நீயும் நானும் திகைத்துப்போன இடம். பாடின குரல் போய், நிமிர்ந்து, செய்தி வாசிக்கிற மாதிரி ஒரு குரலில், "இப்பாடலை விரும்பிக் கேட்டவர்கள், மடுல்கெல்லையிலிருந்து சந்திரா, யோகேஸ்வரி, தம்பிராஜா, கம்பளையிலிருந்து நவ்பல், ரிஸானா மற்றும் வீட்டார்" என்று சொல்லி முடித்துவிட்டு, தலையைச் சாய்த்து அடுத்த பாட்டுக்குக் காத்திருந்தாள். "யாருப்பா இவங்க எல்லாம்?" என்று நீ கேட்டாய். நான் அப்போது ஏதோ மழுப்பினேன், இப்போது ஒழுங்காகச் சொல்கிறேன்.

நீ பிறப்பதற்கு முன்னால், நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த புதிதில், காசு கொடுத்துக் கடையில் கசெட்டில் பாட்டுப் பதிந்து வாங்குகிற வசதி எங்களுக்கு இல்லை. ரேடியோவை மேசையில் வைத்து, அதற்கு முன்னால் இரவல் ரெக்கோடரை வைத்து, விருப்பப் பாடல் நேரத்தில் அப்படியே பிடிப்போம். எல்லா வீட்டிலும் அப்படித்தான். பாட்டு ஓடும்போது இருமக் கூடாது, பாத்திரம் உருட்டக் கூடாது, வாசலில் யாராவது கூப்பிட்டால் கையைக் காட்டி நிறுத்த வேண்டும். தபாலட்டை போட்டுப் பாட்டுக் கேட்டவர்களின் பெயர்களை அறிவிப்பாளர் பாட்டு முடிகிறபோதே வாசிக்கத் தொடங்கிவிடுவார். அதற்குள் பொத்தானை அமுக்கி நிறுத்த வேண்டும். அந்த வேலை என்னுடையது. என் விரலோ, கடையில் முதலாளி கூப்பிட்டாலே மெதுவாகத் திரும்புகிற ஆளின் விரல். ஒவ்வொரு பாட்டின் வாலிலும் நாலைந்து பெயர் ஒட்டிக்கொண்டே வந்தது. உன் அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். "பாட்டைப் புடிக்கச் சொன்னா ஊரையே புடிச்சு வச்சிருக்கீங்க" என்பாள். "பாட்டுக்காரி ஒருத்திதானே, ஊர்ல எத்தனை பேர்" என்பேன். திட்டினாளே தவிர, மடுல்கெல்லை என்று வந்தால் அவளுக்கு முகம் மலரும். அவள் பிறந்த தேயிலைத் தோட்டத்துப் பக்கம் அல்லவா. அந்தச் சந்திராவை அவளுக்குத் தெரியாது. "மேல் டிவிஷன் ஆளாத்தான் இருக்கும்" என்று அவளே முடிவுகட்டிக்கொள்வாள். அந்தக் கசெட் வருஷக்கணக்காகக் குசினியில் ஓடியது. நாடா சுருங்கி அறுந்துபோகும் வரைக்கும் ஓடியது. தேங்காய் துருவிக்கொண்டே பாட்டோடு பாடுவாள், பெயர் வந்தால் அறிவிப்பாளர் மாதிரிக் குரலை மாற்றிப் பெயரையும் சொல்லி என்னைக் குத்திக்காட்டுவாள். எனக்குக் கோபம் வரவேண்டும் என்று செய்வாள். எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

ஆக, நீ அனுப்பியது சுத்தமான பாட்டு. தூசி இல்லை, இரைச்சல் இல்லை, தொடக்கம் முடிவு எல்லாம் முழுசாக இருக்கிறது. அவள் தலைக்குள் இருப்பது நான் பிடித்த பாட்டு. உன் பென்டிரைவில் பெயர் இல்லாத இடத்தில் அவளே பெயரைப் போட்டு முடிக்கிறாள். இன்னொன்றும் கண்டுகொண்டேன். அதில் இருக்கிற எல்லாப் பாட்டுக்கும் அவள் வாய் திறப்பதில்லை. ஊரெல்லாம் ஓடிய பெரிய பாட்டு, கல்யாண வீடுகளில் லவுட்ஸ்பீக்கர் கிழியப் போட்ட பாட்டு, அதையெல்லாம் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். எங்கள் கசெட்டில் இருந்தது எதுவோ அதுதான் அவளுக்கு ஹிட். நடுவில் ஒரு ஓடக்காரன் பாட்டு, அதை யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள், நீ ஏன் அதைச் சேர்த்தாய் என்றே தெரியவில்லை. அது வந்தால் நல்ல கையால் தொடையில் தாளம் போடுகிறாள். நானும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். அந்தக் காலத்தில் உருகி உருகிக் கேட்ட சில பாட்டு இப்போது வெறும் சத்தமாக இருக்கிறது, தலைவலி வருகிறது. கேலி பண்ணின சில பாட்டு நெஞ்சைப் பிசைகிறது. பாட்டு மாறவில்லை. கேட்கிற கழுதைக்குத்தான் வயதாகிவிட்டது.

பாடுகிறவளுக்குப் பேச வராதா என்ற ஆசை உனக்கும் எனக்கும் அன்றைக்கே பிடித்துக்கொண்டது. "என் பேரைச் சொல்ல வைங்கப்பா" என்று நீ ஒவ்வொரு வெள்ளியும் கேட்டாய். நானும் முயன்றேன். மிஸ், வற்புறுத்தாதீர்கள் என்று சொல்லியிருந்தார், நான் எங்கே கேட்டேன். அலுமாரியில் இருக்கிற உன் போட்டோவை எடுத்து அவள் மடியில் வைத்து, "இது யாரு? சொல்லு, ரூ... ரூ..." என்று நான் சின்னப்பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி நின்றேன். அவள் உன் முகத்தைப் பெருவிரலால் தடவினாள். உதடு குவிந்தது. "மடுல்கெல்லை" என்றாள். சொன்ன உடனே அது இல்லை என்று அவளுக்கே தெரிந்துவிட்டது, மகனே. கையால் தொடையில் அடித்து, அடித்து, அழுதாள். போட்டோவைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டேன். அதை உனக்குச் சொல்லவில்லை. அன்றைக்கு நீ கேட்டபோது "இன்னைக்கு மூட் இல்லையாம்" என்று சொன்னேன், நீ சிரித்தாய்.

துஷாந்தி இங்கே வந்துபோகிறாள் என்பதும் உனக்குத் தெரியாது. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாள். நீ தள்ளித் தள்ளி வைக்கிறாய் என்று மனதில் இருக்கும்போது, அவள் இங்கே வந்து நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறாள் என்று நீ நினைத்துவிடக்கூடாதாம். பள்ளிக்கூடம் லீவான பௌர்ணமிப் பொயா நாட்களில் கம்பளையிலிருந்து பஸ் ஏறி வருவாள். அவள் டீச்சர் என்பதால் எனக்குக் கொஞ்சம் பயம், இரண்டு வரி எழுதினாலும் ஒளித்து வைக்கிறேன். வந்தால் உன் அம்மாவுக்குத் தலை சீவி விடுவாள். உன் அம்மா பெயர்களைச் சொல்லும்போது அவளும் சேர்ந்து சொல்வாள். சந்திரா, யோகேஸ்வரி என்று இரண்டு பேரும் ஏதோ சொந்தக்காரர்களைக் கூப்பிடுகிற மாதிரிச் சொல்லுவார்கள். நான் இங்கே குசினியில் பருப்பைக் கருக வைத்துக்கொண்டிருப்பேன்.

அவளிடம்தான் நான் என் யோசனையைச் சொன்னேன். பாட்டின் வாலில் ஒட்டியிருக்கிற பெயர்கள் எல்லாம் வருகிறது என்றால், அந்த வாலிலேயே நம் பெயர்களையும் ஒட்டிவிட்டால் என்ன? "மாமா, சூப்பர்" என்றாள். டீச்சர் வாயால் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. அறிவிப்பாளர் குரலில் நானே பேசுவது, அவள் போனில் பிடித்து மழைப் பாட்டின் முடிவில் சேர்ப்பது என்று ஏற்பாடு. இரண்டு நாள் ஒத்திகை பார்த்தேன். தொண்டையைக் கனைத்து "இப்பாடலை விரும்பிக் கேட்டவர்கள்" என்று நான் எடுத்த குரலைக் கேட்டு மேல் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்னண்ணே, எலெக்ஷனா?" என்றார். துஷாந்தி சிரித்ததில் முதல் பதிவு கெட்டது. இரண்டாவதில் நான் தும்மினேன். கடைசியில் ஒரு மாதிரி வந்தது. மஹய்யாவையிலிருந்து என் பெயர், பிறகு ரூபன், பிறகு துஷாந்தி. தபாலட்டையில் எப்படி எழுதுவோமோ அப்படி. குடும்பத் தலைவன் பெயர் முதல், பிள்ளைகள் பெயர் பின்னால்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அவளைக் குளிக்க வார்த்து, கஞ்சி கொடுத்து, யன்னலோரம் உட்கார வைத்து அந்தப் பாட்டைப் போட்டேன். ஆரம்பத்தில் என் குரல் வந்ததும் அவள் வாயின் நல்ல பக்கம் மட்டும் கோணிக்கொண்டு சிரிக்கும். பிறகு மெல்ல மெல்லச் சேர்ந்து சொல்லத் தொடங்கினாள். "விரும்பிக் கேட்டவர்கள்" வந்தது. "மஹய்யாவையிலிருந்து" வந்தது. அடுத்தது வர வேண்டும். நின்றுவிட்டாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். சேலைத் தலைப்பை நல்ல கையால் இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். பாட்டுப் பெட்டிக்குள் நான் என் பெயரையும் உன் பெயரையும் துஷாந்தி பெயரையும் சொல்லி முடித்தேன், அவள் யன்னலைப் பார்த்தாள். மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும். மஹய்யாவ வரைக்கும் ஓடிவரும், வாசலில் வந்து நின்றுவிடும். பழைய பெயர்கள் கடகடவென்று வருகிறது, நம் பெயர்களுக்கு மட்டும் கதவு பூட்டு. கிளினிக்கில் கேட்டேன். களைப்பாக இருக்கலாம், புதுசாகப் படிப்பது கஷ்டம், போகப் போகப் பார்ப்போம் என்றார் மிஸ். பூட்டு விற்றே காலம் கழித்தவன் நான், இந்தப் பூட்டை என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். வெறுத்துப்போய் ஒருநாள் ஸ்பீக்கரைத் தூக்கிக் கட்டிலுக்கடியில் தள்ளியும் விட்டேன். அவள் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்ப எடுத்து வைத்தேன்.

அடுத்த பொயாவுக்குத் துஷாந்தி வந்தபோது நடந்ததைச் சொன்னேன். "போடுங்க மாமா, நானும் பார்க்கிறேன்" என்றாள். போட்டேன். மஹய்யாவையிலிருந்து என்றதும் உன் அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் குனிந்துகொண்டாள். துஷாந்தி அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு சிரிக்கத் தொடங்கினாள். எனக்குக் கோபம்கூட வந்துவிட்டது.

"என்னம்மா சிரிக்கிற?"

"மாமா, நீங்க உங்க பேரை முன்னுக்கு வச்சிருக்கீங்க."

"வீட்டுக்குப் பெரியவன் நான்தானே?"

"அதில்ல மாமா. அத்தை எப்படி உங்க பேரைச் சொல்லுவாங்க?"

நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தேன் என்று சொல்வதைவிட விழுந்தேன் என்று சொல்லலாம். உன் அம்மா தலையைத் தூக்கவில்லை. ஆனால் அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள், மகனே. நாங்கள் கண்டுபிடித்துவிட்டோம் என்று வெட்கப்பட்டுச் சிரிக்கிறாள்.

உனக்கு இது இந்தக் காலத்தில் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். கழுத்தில் தாலி ஏறின நாளிலிருந்து உன் அம்மா என் பெயரைச் சொன்னதே இல்லை. "இங்க பாருங்க" அல்லது "இந்தாங்க", அவ்வளவுதான் நான். உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்றைக்கு எனக்குக் கடையில் சரக்கு வந்துவிட்டது, அவள்தான் உன்னைக் கூட்டிப் போனாள். அதிபர் தகப்பன் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார். இவள் சுவரைப் பார்த்திருக்கிறாள். அவர் மறுபடி கேட்க, பக்கத்தில் நின்ற உன்னைக் கிள்ளி "நீ சொல்லு" என்றிருக்கிறாள். நீ "அப்பா" என்று சொல்லியிருக்கிறாய். அதிபர் சிரித்துவிட்டு, நாளைக்கு அவரையே வரச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார். நான் அன்றைக்கு அவளை எவ்வளவு கேலி பண்ணினேன். என்ன, என் பெயர் அவ்வளவு கெட்ட வார்த்தையா என்று கேட்டேன். "சொன்னா உங்களுக்கு ஆயுசு கொறையும்" என்றாள். அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவளுக்கு இருந்தது.

கிளினிக்கில் வாரா வாரம் மிஸ் என்னைக் காட்டி, இவர் யார், பெயர் என்ன என்று அவளைக் கேட்பார். அவள் வாயை மூடிக்கொள்வாள். மிஸ் என் முகத்தைப் பார்க்காமல் ஏதோ எழுதிக்கொள்வார். கோப்பைக்குப் பெயர் வரவில்லை, சீப்புக்குப் பெயர் வரவில்லை, அந்த வரிசையில் நானும் ஒரு சாமான் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறி வருவேன். பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்குவாள். யார் தோள் என்று தெரிந்து சாய்கிறாளா, வெறும் சீட்டுக் கம்பி என்று சாய்கிறாளா என்று யோசித்துக்கொண்டு அசையாமல் இருப்பேன். போனில் உன்னிடம் "உங்கம்மாவுக்கு என்னைத் தெரியல, அவ தப்பிச்சிட்டா" என்று பகிடி விட்டேனே, அது பகிடி இல்லை.

துஷாந்தி அன்றைக்கே என் பெயரை வெட்டிவிட்டு மறுபடி பதிந்தாள். மஹய்யாவையிலிருந்து ரூபன், துஷாந்தி. அதை இரண்டு வாரமாகப் போடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை சொன்னாள். "மஹய்யாவையிலிருந்து ரூபன்" என்றாள். தெளிவாக, ஒரு எழுத்து விழாமல். பிறகு துஷாந்தி என்றாள். நேற்றும் சொன்னாள். இன்றைக்குக் காலையிலும் சொன்னாள். இப்போது இந்தக் கடிதத்தை நான் இங்கேயே முடித்திருந்தால் நீ நாளைக்கே டிக்கெட் போட்டிருப்பாய். நீ வைத்த நிபந்தனை நிறைவேறிவிட்டது. கம்பளையிலும் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் துருப்பிடித்த ஆணியில் எண்ணெய் தடவிப் புதுசு என்று விற்க நான் பழகவில்லை, அதனால்தான் முதலாளி ஆகவும் இல்லை.

அவள் உன் பெயரைச் சொல்வது சந்திராவைச் சொல்கிற அதே குரலில்தான். நவ்பல், ரிஸானா மற்றும் வீட்டார் என்று சொல்கிற அதே குரல். ரூபன் என்று சொன்னதும் உன் போட்டோவை மெல்லக் கொண்டுபோய்க் காட்டினேன். பார்த்தாள், அடுத்த பாட்டுக்குத் தலையைச் சாய்த்தாள். அந்த ரூபன் நீதானா, இல்லை மஹய்யாவையில் யாரோ ஒரு ரூபன் தபாலட்டை போட்டானா என்று எனக்குத் தெரியவில்லை. மிஸ்ஸைக் கேட்டேன், அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார், அவருக்கும் தெரியவில்லை. என்னை அவளுக்குத் தெரியும் என்பது இப்போது எனக்கு உறுதி. அது அவள் சொன்னதை வைத்துத் தெரிந்தது அல்ல, சொல்ல மறுத்ததை வைத்துத் தெரிந்தது. உன் விஷயத்தில் அப்படி எது இருக்கிறது, எந்த மூலையில் இருக்கிறது என்று நான் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன். என் கைக்கு அகப்படவில்லை. உனக்கும் அவளுக்கும் நடுவில் இருப்பதை நான் எப்படி ரெக்கோட் பண்ணுவேன்? பாட்டுக்கு வால் ஒட்டலாம், அதற்கு மேல் எனக்குக் கெட்டித்தனம் போதாது.

அவள் பேசத் தொடங்குவாளா என்று கேட்காதே. யாரும் சொல்கிறார்கள் இல்லை. இன்னும் நல்லாக வரலாம் என்கிறார்கள், இப்படியே நிற்கலாம் என்கிறார்கள், இன்னொரு தடவை விழுந்தால் பாட்டும் போகலாம் என்கிறார்கள். நீ காத்திருக்கிறாய், உன்னைப் பார்த்துத் துஷாந்தி காத்திருக்கிறாள், அவளைப் பார்த்து அவள் அப்பா வாசலில் காத்திருக்கிறார். இத்தனை பேரும் எதற்குக் காத்திருக்கிறோம் என்று உன் அம்மாவுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. சொன்னால் அவள் என்ன பாடுபடுவாள் என்று நினைத்துப் பார். தன் நாக்கால்தான் மகன் கல்யாணம் நிற்கிறது என்று அவளுக்குத் தெரிந்தால், அந்தத் தொடையில் இன்னும் எத்தனை அடி விழும்? அதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். என்னால் முடியாது, மகனே. நான் உனக்குப் புத்தி சொல்கிற ஆளே இல்லை. நீ சொன்னதைத்தான் எப்போதும் கேட்டிருக்கிறேன். இந்த ஒன்றைக் கேட்க முடியவில்லை.

இந்தக் கடிதம் தபாலில் வந்து உன் கையில் கிடைக்கும்போது நான் கம்பளைக்குப் போய் வந்திருப்பேன். தள்ளி வைக்கச் சொல்ல அல்ல, தையிலேயே நாள் பார்க்கச் சொல்லத்தான் போகிறேன். நீ கோபப்படுவாய். கோபப்படு, கோபத்தோடேயே ப்ளேன் ஏறு. வந்து இறங்கியதும் உன் அம்மா முன்னால் நின்று நான் யார், என் பெயர் என்ன என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் மாதிரிக் கேட்காதே. பேக்கைக் கீழே போட்டுவிட்டு, பசிக்குதும்மா என்று சொல்லு. சொல்லிவிட்டு அவள் கதிரையிலிருந்து எழும்பப் பார்க்கிறாளா என்று பார். காலுக்குப் பலமில்லை, எழும்ப மாட்டாள். ஆனால் எழும்பப் பார்க்கிறாளா என்று பார். அதை உன்னைத் தவிர வேறு யாரும் பார்த்துச் சொல்ல முடியாது.

அப்பா
மஹய்யாவ, கண்டி